இரண்டாம் டோகர்

நெப்ராஸ்காவிலிருந்து வெர்னர் என்னிடம் கேட்டது
ஒரு கப்பல் தலைவனை.
அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார்கள்:
டோகர் பெர்டெல்சன், யுட்லாந்தின் மேற்குக் கரை,
மூன்று பாய்மரம், கறுப்புத் தாடி.
தாடி வரைக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்குத் தொழில் கொதிகலன் பழுது பார்ப்பது.
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்
செத்தவர்களின் கதவைத் தட்டுகிறேன்.

இங்கே அப்போது குடும்பப் பெயர் கிடையாது.
லௌரிட்ஸின் மகன் பெர்டெல் லௌரிட்சன்.
பெர்டெலின் மகன் டோகர் பெர்டெல்சன்.
டோகருக்கு மகன் பிறந்தால்
பெர்டெல் உதிர்ந்துபோவான்.
மணலில் நடக்கிறவனின் பின்னாலேயே
தடத்தைப் பெருக்கிக்கொண்டு வரும் காற்று.

பாதிரியார் யெஸ்பர் வேறு,
எல்லா எழுத்தையும் வேலிக்குச்சியாக நட்டுவைத்திருக்கிறார்.
குடித்த நாட்களில் வேலி சாய்கிறது.
1731, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு:
வடக்கு வீட்டு பெர்டெலுக்கு ஆண் குழந்தை, பெயர் டோகர்.
தூக்கி வந்தவள் ஆலைக்காரன் மனைவி போடில்.

அந்த ஒரு வரியிலிருந்து எட்டு வருடம் நடந்தேன்.
திருமணப் பதிவில் இல்லை.
வரிப் பட்டியலில் இல்லை.
படைக்கு ஆளெடுத்த கணக்கிலும் இல்லை.
கடலுக்குப் போயிருப்பான் என்று
வெர்னர் சந்தோஷமாக எழுதினான்.

போன நவம்பரில் வீபோர் ஆவணக் காப்பகத்தில்
அதே ஏட்டின் பின்பகுதி, அடக்கம் செய்தவர்கள் வரிசை.
அங்கே நான் தேடியதே இல்லை,
பேரப்பிள்ளைகள் உள்ளவனை அந்த வருடத்தில்
யார் அங்கே தேடுவார்கள்?
மெழுகு சொட்டிய ஒரு கறை.
காப்பகப் பெண் விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.
மெழுகுக்கு அடியில் வேலிக்குச்சிகள்:
பெர்டெலின் டோகர். வயது பதினோரு நாள்.

பதினோரு நாள்.
நான் அவனுக்கு ஒரு கப்பல் கொடுத்திருந்தேன்.
பெர்கனில் ஒருத்தியைக்கூட
பென்சிலால் எழுதிவைத்திருந்தேன், கேள்விக்குறி போட்டு.

இரண்டு வருடம் கழித்து
அதே வீடு, அதே ஆலைக்காரன் மனைவி,
இன்னொரு ஆண் குழந்தை. பெயர் டோகர்.
கரண்டியை எண்ணி வைக்கிற வீட்டில்
பெயரையும் வீணாக்க மாட்டார்கள்.

இவன் கிடைத்தான், சுலபமாகவே.
நீதிமன்ற ஏட்டில் நிற்கிறான்:
கரையொதுங்கிய டச்சுக் கப்பலிலிருந்து
இரண்டு பலகை எடுத்த குற்றம்.
‘பலகைதான் என்னிடம் வந்தது,
நான் பலகையிடம் போகவில்லை’ என்றிருக்கிறான்.
நீதிபதி சிரித்தாரா தெரியாது. அபராதம் விழுந்தது.

1789இல் செத்தபின் எடுத்த சொத்துக் கணக்கு:
கறுப்புப் பசு ஒன்று, ஒரு கண் குருடு.
இரும்புப் பானையில் பாதி, மறுபாதி தம்பியுடையது.
வயல் இருந்த இடத்தில் மணல், விலை போடவில்லை.
தொட்டில் ஒன்று, ஓக், ஆணித் துளைகளோடு,
நான்கு ஸ்கில்லிங்.

அந்தக் கரையில் ஓக் வளர்வதில்லை.
எதுவுமே வளர்வதில்லை,
முழங்கால் உயரத்துக்கு மேல்.

அவன் பிள்ளைகள் ஆறு பேரும் கப்பலில் படுத்தவர்கள்தான்.
கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.
கிளம்பாமலும் இருக்கலாம். நான் கொதிகலன்காரி.

எல்லாவற்றையும் வெர்னருக்கு எழுதினேன்,
அபராதம் உட்பட.
மூன்று வாரம் பதில் இல்லை.
பிறகு வந்தது: வெண்கலப் பலகை வார்த்தாகிவிட்டது,
‘டோகர் பெர்டெல்சன், கப்பல் தலைவன்’,
இனி மாற்ற முடியாதாம்.
அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தான்:
‘அந்தப் பதினோரு நாள் பையனுக்கும்
இதே பெயர்தானே?’

இதே பெயர்தான் என்று எழுதினேன்.
தாடியைப் பற்றி அவன் கேட்கவில்லை.